சுரண்டப்பட்ட தும்பை

மலாக்காவின் காஜா பேராங் பேட்டை முழுக்க அந்த வாரம் ஒரே பேச்சு. ஸ்டூடியோ அப்பாசாமி, முதல் பரிசு தனக்கு வரவில்லை என்ற வயிற்றெரிச்சலில், சுதந்திரக் கண்காட்சிக்குள் புகுந்து முதல் பரிசுப் படத்தைக் குடையால் குத்திக் கிழித்துவிட்டாராம். முடிவெட்டும் கடையில் ஒரு குத்து என்றார்கள். கறிக்கடைக்கு வருவதற்குள் அது ஏழு குத்தாகியிருந்தது. கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்திலோ, அப்பாசாமி இப்போது லாக்கப்பில் இருப்பதாகவும் சாப்பாடு வெளியிலிருந்து போவதாகவும் குழம்பின் பெயரோடு சொன்னார்கள்.

விசாரிக்கப் போனதில் முதலில் விழுந்தது லாக்கப். அப்பாசாமி ஸ்டூடியோவில்தான் இருந்தார். ஒரு புதுமணத் தம்பதியை முறைத்தபடி "சிரிங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அடுத்து விழுந்தது முதல் பரிசு. அந்தப் படம், ஒரு மீன்பிடிப் படகு, கண்காட்சி மண்டபத்துச் சுவரில் ஒரு கீறல் இல்லாமல் தொங்கியது. குடை மட்டும் விழவில்லை. குடை உண்மை. ஒரு படம் கிழிந்ததும் உண்மை. அது அவருடைய சொந்தப் படம்.

தன் படத்தைத் தானே போய்க் கிழிக்கிற அளவுக்கு ஒரு மனிதருக்கு என்ன கோபம் என்பதுதான் கேள்வி. அப்பாசாமியைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். மலாயில் கோபம் கொண்ட யானை என்று பெயர் வைத்த பேட்டையில் இருபது வருடமாகக் குடியிருப்பவர் அவர். அந்த யானையைப் பார்த்தவர் யாரும் இல்லை. அதன் கோபம் மட்டும் அவர் வீட்டில் வாடகை இல்லாமல் தங்கியிருந்தது. மனைவி கமலவேணி சொல்வார்: "கல்யாணத்தன்னிக்கே, வெளிச்சம் எந்தப் பக்கம் வருதுன்னு தெரியாம படம் எடுக்கிறியான்னு போட்டோக்காரன்கிட்ட சண்டை போட்ட ஆளு. தாலி கட்ட நேரம் ஆவுதுன்னு ஐயர் கத்துறாரு, இவரு கேமராவைத் திருப்பி வைக்கிறாரு."

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் கலியாணசுந்தரத்தின் ஸ்டூடியோவில் படம் கழுவும் மருந்து கலக்கச் சேர்ந்தார். கேமராவுக்குப் பின்னால் போய் நிற்கப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. கம்யூனிஸ்ட் கலகத்தை அடக்க வந்த அவசரகாலத்தில் ஆளுக்கொரு அடையாள அட்டை என்று சட்டம் வந்தபோது மலாக்காவின் பாதி முகங்களை அவர்தான் எடுத்தார். வந்து உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சிரிக்கலாமா?" கூடாது, கூடாது என்று ஆயிரம் தடவை சொன்ன பிறகு அவருக்கு மனித முகத்தின் மீதே அலுப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூடியோவின் பழைய பெட்டிக் கேமராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பூ எடுக்கப் போக ஆரம்பித்தார். யாரும் நட்டு வளர்த்த பூ அல்ல. சாலையோரத்தில், கால்வாய்க் கரையில், கடற்கரை மணலில், யாரையும் கேட்காமல் பூத்துக் கிடக்கிற பூ. பூவுக்கு ஒரு நல்ல குணம், சிரிக்கலாமா என்று கேட்காது.

இந்தப் பைத்தியம் தனியாக இருந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஸ்டூடியோவில் தொங்கிய சீன் திரையில்தான் வில்லங்கம். வாடிக்கையாளர்களை அதற்கு முன்னால்தான் நிறுத்துவார்கள். அதில் பனி மலை, மலைக்கு அடியில் ஏரி, ஏரிக்கரையில் மஞ்சளும் சிவப்புமாகக் குடம் குடமாய்ப் பூக்கள். காஜா பேராங் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக அந்தப் பனியில் வியர்க்க வியர்க்க நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தன.

"தௌக்கே, இந்தப் பூ எந்த ஊர்ல பூக்குது?" என்று ஒரு நாள் முதலாளியைக் கேட்டார் அப்பாசாமி.

கலியாணசுந்தரம் செய்தித்தாளை மடிக்கவில்லை. "எந்த ஊரா இருந்தா என்னப்பா? யாரு கேக்கிறா?"

"நான் கேக்கிறேன்."

"நீ கேளு. கஸ்டமர் கேக்கல."

"நாடு சுதந்திரம் ஆவப் போவுது. இன்னும் வெள்ளைக்காரன் ஊர் மலைக்கு முன்னால நிக்கச் சொல்றீங்களே, கூச்சமா இல்ல?"

செய்தித்தாள் இறங்கியது. சுதந்திரக் கொண்டாட்டக் கமிட்டி ஒரு படக் கண்காட்சி வைக்கப்போவதாக அன்றைய தாளில்தான் போட்டிருந்தது. "சரி. உன் புல்லுப் பூவை எடுத்துக்கிட்டுப் போய் அதுல தொங்க விடு. தொங்கிடுச்சுன்னா, அந்தப் படத்தைப் பார்த்தே புதுச் சீன் வரையச் சொல்றேன். பனி மலையைக் கழட்டி மாட்டுக் கொட்டாய்க்குப் போட்டுடலாம். போதுமா?"

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. அப்பாசாமி அதைப் பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டார்.

உஜோங் பாசிரில் கடலை ஒட்டி ஒரு திடல் இருந்தது. யாருக்கும் வேண்டாத இடம். அங்கே தும்பை மண்டிக் கிடந்தது. செந்நிறப் பூவும் ஊதாப் பூவும் கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பலாகச் செத்துப்போகும். தும்பையின் வெள்ளைதான் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. மூன்று ஞாயிறு வெறும் கையோடு போய் இடம் பார்த்தார். நின்று பார்த்தால் பூக்கள் புல்லுக்குள் தொலைந்துபோயின. உட்கார்ந்தால் கொஞ்சம் தெரிந்தன. வேட்டியை மடித்துக் கட்டி மண்ணில் குப்புறப் படுத்தபோதுதான் படம் கிடைத்தது. முகத்துக்கு முன்னால் மிளகுப் பருமனில் பூக்கள், அப்புறம் கடுகு, அப்புறம் ரவை, அப்புறம் தூசி. அப்படியே வளைந்து வளைந்து கடல் வரைக்கும் ஒரு வெள்ளைப் பாதை. கடலுக்கு மேலே ஒரு விரல் அகலம் வானம் போதும் என்று தீர்மானித்தார். வானத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அவர் முக்காலியின் கால்களைக் குட்டையாக்கி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தவர்கள் நில அளவைக்காரர் என்று நினைத்தார்கள். "ஐயா, எங்க வீடு ரோட்டுல போவுதா?" என்று ஒரு கிழவர் அவர் காலைத் தட்டிக் கேட்டார். போகாது என்று அப்பாசாமி போட்ட சத்தத்தில், கண்டிப்பாகப் போகும் என்று முடிவு கட்டிக்கொண்டு கிழவர் நடந்தார்.

ஆவணி பிறந்த முதல் ஞாயிறு. காலையில் நிலக்காற்று ஓய்ந்து கடற்காற்று எழுவதற்கு முன் ஒரு கால் மணி நேரம் புல் நுனிகூட ஆடாமல் நிற்கும். அந்தக் கால் மணிக்காக விடியலிலிருந்து படுத்திருந்தார். எறும்பு கடித்தது. ஆடவில்லை. எடுத்தார். ஒரே நெகடிவ். அதற்கு மேல் எடுக்கப் பூக்கள் நிற்கவில்லை; காற்று வந்துவிட்டது.

அன்றே கழுவினார். நெகடிவில் எல்லாம் தலைகீழாகத் தெரியுமல்லவா, வெள்ளைப் பூக்கள் நூற்றுக்கணக்கான கறும்புள்ளிகளாக விழுந்திருந்தன. ஒவ்வொன்றும் ஊசி முனைத் துல்லியம். மலாக்கா ஈரத்தில் நெகடிவ் கெடாமல் இருக்க ஸ்டூடியோவில் ஒரே இடம்தான் உண்டு: ஜன்னலோரம், படம் திருத்துகிற தெய்வானையின் தட்டு. அவர் அதில் ஒரு பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டிருப்பார். அரிசி ஈரத்தைக் குடித்துவிடும். அந்தத் தட்டில் நெகடிவை வைத்துவிட்டு, மறுநாள் அப்பாசாமி புக்கிட் ரம்பாயில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனார். ஆடி முழுக்கப் பூட்டி வைத்திருந்த கல்யாணங்கள் ஆவணியில் அவிழ்த்துவிட்ட மாதிரி வந்தன. அங்கிருந்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. திரும்பும்போது வெள்ளிக்கிழமை.

தெய்வானையைச் சொல்லியாக வேண்டும். தலைமுறைகளுக்கு முன்பே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண், அப்பாசாமியைவிட ஐந்து வயது மூத்தவர். கெபாயா என்கிற மலாய்ச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. வீட்டில் பேசுவது மலாய்; தமிழில் தெரிந்தது சாமி, பூஜை, சோறு, கழுதை. நெகடிவில் முகம் திருத்துவதில் மலாக்காவிலேயே அவருக்கு ஈடு இல்லை. அம்மைத் தழும்பைப் பென்சிலால் நிரப்புவார். கறும்புள்ளியாகத் தெரிகிற கறையை மெல்லிய கத்தியால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டுவார். அந்த ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு: அவர் தட்டில் விழுந்த எதுவும் சுத்தமாகாமல் வெளியே வராது.

வெள்ளிக்கிழமை இருட்டறையில் அப்பாசாமி பெரிய தாளில் அச்செடுத்தார். சிவப்பு விளக்கில், மருந்துத் தட்டில் தாள் அசைந்தது. கடல் வந்தது. வானம் வந்தது. புல் வந்தது. பூ வரவில்லை. மருந்து கெட்டுவிட்டது என்று புதிதாகக் கலந்தார். மறுபடியும் கடல், வானம், புல். நெகடிவை எடுத்து விளக்கில் பிடித்தார். ஒரு புள்ளிகூட இல்லை.

அவர் வெளியே வந்தபோது தெய்வானை ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். பாராட்டை உட்கார்ந்து வாங்குவது மரியாதையில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

"சாமி! பெர்சே?" என்றார். சுத்தமா என்று கேட்கிறார்.

"காக்," என்றார் அப்பாசாமி. அவரை மலாயில் அக்கா என்றுதான் கூப்பிடுவது வழக்கம். "என் பூ எங்கே?"

"பூவா? எந்தப் பூ?" என்றார் மலாயில்.

"இதுல இருந்துச்சே! நூறு நூறா!"

"குலாட் லா, சாமி! குலாட்!" பூஞ்சணமாம். ஓரத்தில் தடித்து, உள்ளே போகப் போகப் பொடியாகப் பரவியிருந்ததாம். மலாக்காவில் நெகடிவில் பூஞ்சணம் அப்படித்தான் ஏறும், அப்பாசாமிக்கே தெரியும். பாவம், சாமியின் படம் கெட்டுப்போகிறதே, கண்காட்சிக்குக் கொடுக்கச் சனிக்கிழமை கடைசி நாளாயிற்றே என்று மணப்பெண்களை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு மூன்று நாள் சுரண்டியிருக்கிறார். கண் எரிய எரிய. சுரண்டிய இடம் தெரியாமல் புல்லைப் பென்சிலால் இழைத்து வேறு விட்டிருக்கிறார்.

படத்தில் அப்பாசாமி வளைத்து வளைத்து அமைத்த பாதை, அச்சு அசல் பூஞ்சணம் ஏறுகிற வழி. அது புரிந்தபோது அப்பாசாமிக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. கோபிக்க நியாயம் பாதியாகக் குறைந்துவிட்டதே என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

"பூவுக்கும் பூஞ்சணத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? கண்ணாடி எதுக்கு, மூக்குக்கு அலங்காரமா?"

இதற்குத் தெய்வானை மலாயில் சொன்ன பதிலைத் தமிழில் எழுதினால் சூடு பாதி ஆறிவிடும். சுருக்கம் இதுதான்: இருபது வருடமாக என்னிடம் முகம்தான் வருகிறது. முகத்தில் யாராவது பூ முளைக்க வைத்துக்கொண்டு வருவார்களா? சொல்லிவிட்டுப் போயிருக்க உனக்கு வாய் இல்லையா? கடைசியில் தமிழில் ஒரே ஒரு வார்த்தை வந்தது. சோறும் இல்லை, பூஜையும் இல்லை.

மறுபடி எடுக்கலாமென்று அப்பாசாமி அந்த நிமிடமே சைக்கிளை மிதித்து உஜோங் பாசிருக்குப் போனார். திடல் வழுக்கையாகக் கிடந்தது. கொண்டாட்டக் கூடாரம் போடுவதற்காகப் புதன்கிழமையே களை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டார்களாம். வெட்டியவர்கள் நிழலில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். "என்னண்ணே தேடுறீங்க?" என்றான் ஒருவன். "உங்களைத்தான்" என்று கத்திவிட்டு அப்பாசாமி திரும்பினார். அந்த வாரம் மலாக்காவில் எல்லாருமே சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நாடு பிறப்பதற்கு முன்னால் அதில் தானாக முளைத்ததை எல்லாம் ஒருமுறை சுரண்டிவிட வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்ததோ.

படத்தை அனுப்பப்போவதில்லை என்றார். சனிக்கிழமை அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் கலியாணசுந்தரமே அதை அட்டையில் ஒட்டி, அப்பாசாமி பெயர் எழுதி, கமிட்டியில் கொடுத்துவிட்டு வந்தார். ஸ்டூடியோ பெயரும் கீழே வருமே.

அடுத்த சனிக்கிழமை கண்காட்சி திறந்தது. படம் தொங்கியது. தொங்கியதோடு நிற்கவில்லை, இரண்டாம் பரிசும் வாங்கிவிட்டது. நடுவர்கள் எழுதிய குறிப்பைப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள்: கண்ணை உறுத்தும் எதுவும் இல்லாத தூய்மை, புதிய தேசத்தின் களங்கமற்ற வெளி. சுற்றியிருந்தவர்கள் கை குலுக்கினார்கள். "எதையுமே எடுக்காம எடுத்திருக்கீங்க பாருங்க, அதுதான் கலை" என்றார் ஒருவர். அப்பாசாமி அவர் கையை விடாமல் கொஞ்ச நேரம் நசுக்கினார்.

"பார்த்தியா?" என்றார் கலியாணசுந்தரம். "நான் வாக்கு மாறமாட்டேன். திங்கக்கிழமை பெயிண்டர் மண்டபத்துக்கு வர்றான். உன் படத்தைப் பார்த்து அப்படியே புதுச் சீன் வரையப் போறான்."

"அதுல பூ இல்ல தௌக்கே."

"இல்லாட்டி என்ன? சுத்தமா இருக்கு. பொண்ணு மாப்பிள்ளை எடுப்பா தெரிவாங்க."

"பூ போட்டு வரையச் சொல்லுங்க. எங்க எங்க போடணும்னு நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

"பரிசு வாங்கின படம்பா! அதுல இல்லாததைப் போட்டா அது வேற படம். அதுல இருக்கிறதைத்தான் வரைவான்."

அப்பாசாமி அன்று வீட்டுக்குப் போய் யாரோடும் சண்டை போடாமல் சாப்பிட்டார். கமலவேணிக்கு அதுதான் பயமாக இருந்ததாம். பனி மலைக்கு முன்னால் நின்றவர்களாவது யாரோ ஒருவர் ஊர்ப் பூவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். இனிமேல் பிறக்கிற காஜா பேராங் பிள்ளைகள் எல்லாம் ஒரு வெட்ட வெளியில் நிற்கப்போகின்றன, அதுவும் அப்பாசாமி எடுத்த வெட்ட வெளி. அதில் இருக்கிறதைத்தான் வரைவான் என்றால், திங்கட்கிழமைக்குள் அதில் இருந்தாக வேண்டும்.

ஞாயிறு காலை மழை தூறியது. ஸ்டூடியோ சாவி அவரிடம் இருந்தது. தெய்வானையின் மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளைச் சாய டப்பியையும், நுனியில் மூன்றே மயிர் நிற்கிற கூர்மையான ஒரு பிரஷையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். கேட்கவில்லை. குடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்.

படங்களுக்குக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அவர் முன்வரிசையிலிருந்து தொடங்கினார். மிளகு, அப்புறம் கடுகு. யோசிக்கவே இல்லை. குப்புறப் படுத்து நாலு ஞாயிறு பார்த்த இடம். எந்தச் செடி எங்கே, எந்தப் பூ எதன் தோளில் சாய்ந்திருந்தது என்பது விரலுக்குத் தெரிந்திருந்தது. இடது ஓரம் முடிந்து வளைவு திரும்பும் இடத்துக்கு வந்தபோது, காவலுக்கு இருந்த ஜெயபாலன் பின்னால் வந்து நின்றான். நடந்ததை அவனே நடித்துக் காட்டினான்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

"பூ வைக்கிறேன்."

"ஆபீஸ்ல கேட்டீங்களா?"

"செடி கேட்டுட்டா பூத்துச்சு? என் படம்டா இது."

"படம் உங்களுது. சுவத்துல மாட்டினதுக்கு அப்புறம் கமிட்டியுது. கீழ வைங்கண்ணே பிரஷை."

"இன்னும் கடல் வரைக்கும் போவணும். தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காதே."

ஜெயபாலன் தள்ளி நிற்கவில்லை. முழங்கையைப் பிடித்து இழுத்தான். முழங்கையில் குடை இருந்தது. குடையின் முனை படத்தின் வலது மேல் மூலையில் இறங்கி, வானத்தை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தது. மொத்தம் ஒரே குத்து. முடிவெட்டும் கடைக்காரர்கள் மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கமிட்டிச் செயலாளர் வந்து படத்தைக் கழற்றினார். பரிசு ரத்து. திங்கட்கிழமை வந்த பெயிண்டர் வெறும் ஆணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

"படம் தொங்கினாத்தானே வாக்கு? இப்ப தொங்கல," என்றார் கலியாணசுந்தரம். பனி மலை இறங்கவில்லை. அதற்கு முன்னால்தான் அப்பாசாமி இப்போதும் குடும்பங்களை நிறுத்திச் சிரிக்கச் சொல்கிறார். வெட்ட வெளி வராமல் தடுத்ததில் தோல்வி என்ன என்று கேட்டால் முறைக்கிறார். தும்பை வரவில்லையே என்றாலும் முறைக்கிறார்.

செயலாளர் படத்தோடு பிரஷையும் சாட்சிப் பொருள் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அது தெய்வானையுடையது. சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தது, பத்து வருடம் நாக்கு நுனியில் வைத்துக் கூராக்கிய பிரஷ். அது இல்லாமல் மணப்பெண்களின் கண்ணிமைக்கு மை தீட்ட முடியவில்லை. அதைத் திரும்ப வாங்க வழி உண்டு: படத்தைச் சேதப்படுத்தியது நான்தான் என்று அப்பாசாமி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"சேதமா? திருத்தினேன்னு எழுதித் தர்றேன், வாங்கிக்கச் சொல்லு" என்கிறார் அவர்.

செயலாளர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அப்பாசாமி சொன்னால் தெய்வானை வேண்டாம் என்கிறார். அந்த பிரஷ்தான் வேண்டுமாம். சனிக்கிழமைதோறும் கடை மூடும் நேரத்தில் அப்பாசாமிக்கு முன்னால் வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"சாமி. என் பிரஷ்."

"காக். என் பூ."

போன சனிக்கிழமையும் நீட்டினார்.